எதிராத்து மாமியின் இறப்பு நகல்

இறப்பு நகல் கேட்கப் போகிற இடத்தில் சிரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வண்டியில் ஏறியதிலிருந்து அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். வந்தால் லேசில் நிற்காது. எங்கள் ஊர் ஸ்ரீரங்கம் கோயிலில் கோஷ்டியாகப் பாசுரம் சொல்லும்போது முன்வரிசை மாமா ஒருவர் தூங்கி விழுந்ததைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில், அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தது அந்த மாசம்தான். என்னைப் பெண் பார்க்க வந்த துறையூர்க்காரர்களும் இதைக் கவனித்துவிட்டார்கள். "பொண்ணு கொஞ்சம் ஜாஸ்தியா சிரிக்கறா. பரவாயில்லே, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டுப் போனார். ஜுரம் மாதிரி அது தானாக இறங்கிவிடுமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் துறையூர்தான் விஷயமே. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டேன். திருச்சியில் பெண்களுக்கான டிரெயினிங் ஸ்கூலில் சேர்ந்து டீச்சராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேசுவார். "இந்த வருஷம் இடம் கெடைச்சா போய்ப் படி. கெடைக்கலேன்னா ஆவணியிலே துறையூர். இதுக்கு மேலே பேச்சு கெடையாது" என்றார். இடம் கிடைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஸ்கூல் தலைமையாசிரியை என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திறந்தார், "இன்னும் பதினெட்டு முடியலையேம்மா" என்று மூடிவிட்டார்.

எப்படி முடியும்? என்னைச் சின்ன வயதில் பள்ளியில் சேர்த்தபோது இருந்த ஹெட்மாஸ்டர், எல்லாக் குழந்தைகளுக்கும் ஜூலை முதல் தேதியையே பிறந்த நாளாகப் போட்டு, வயதிலும் ஒன்றைக் குறைத்துவிடுவார். பின்னால் உத்தியோகத்துக்கு நல்லது என்பது அவர் எண்ணம். உத்தியோகத்தின் பக்கமே போகாத பெண் குழந்தைகளுக்கும் அதே தாராளம். அதனால் நிஜத்தில் பதினெட்டு முடிந்திருந்த நான் புத்தகத்தில் பதினேழோடு நின்றேன். "உன் பிறந்த நாளைக் காட்டுற சர்க்கார் காகிதம் ஏதாவது கொண்டு வா. வெள்ளிக்கிழமை வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்" என்றார் தலைமையாசிரியை. அன்றைக்குத் திங்கள்.

செவ்வாயன்று அப்பா எங்கள் ஊர்ப் பதிவு ஆபீசில் பிறப்புப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். என் பிறப்பு அதில் இல்லை. அப்பா கொதித்துப் போனார். "நானே போய் எழுதிக் குடுத்தேன். அதெப்படி இல்லாமப் போகும்?" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அன்னிக்கு எதிராத்து மாமிக்கும் சேர்த்துத்தானே எழுதிக் குடுத்தேள்? அதுவும் இல்லையாமா?"

எதிர் வீட்டு மாமியை நான் பார்த்ததில்லை. நான் பிறந்த ஏகாதசியன்றுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை ரங்கூனில் இருந்ததால் பதிவு ஆபீசுக்குப் போய்த் தகவல் எழுதிக் கொடுத்தது அப்பா. எங்கள் வீதியில் என் வயதை யாரைக் கேட்டாலும், "எதிராத்து மாமி பரமபதிச்ச ஏகாதசிக்கு வயசென்ன?" என்று எண்ணித்தான் சொல்வார்கள். பிறந்த நாளை மறப்பார்கள், திதியை மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீதி அது.

அம்மாவின் யோசனை இதுதான். மாமியின் இறப்பு புத்தகத்தில் இருந்தே தீரும். அதில் நகல் வாங்கி, அதே நாளில்தான் இவளும் பிறந்தாள் என்று வீதியில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போயிற்று. "யாரோ செத்ததை வச்சு இவ பொறந்ததை நிரூபிக்கறதா? நல்ல கூத்து!" என்றார் அப்பா. லீவும் போட முடியாது என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஆபீசுக்குப் போங்கோ. நான் அழைச்சுண்டு போறேன்" என்றாள். அதுவரை ஓர் ஆபீஸ் வாசலைக்கூட மிதித்தறியாதவள்!

புதன்கிழமை எங்கள் ஊர் ஆபீசுக்குப் போனால், அவ்வளவு பழைய இறப்புப் புத்தகங்கள் திருச்சியில் ஒரு ஆபீசில் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் அதோடு போயிற்று. வியாழனன்று குதிரை வண்டி பிடித்துக் காவேரிப் பாலத்தைத் தாண்டினோம். ஆனி மாசக் காற்று அம்மாவின் மடிசாரைப் பிடித்து இழுத்தது. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "துக்க முகமா வச்சுக்கோடி" என்றாள் அம்மா. நான் துக்க முகம் வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்.

அந்த ஆபீசில் கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள். அவற்றுக்கு நடுவே மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர். எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உக்காருங்கம்மா. யாரு தவறிட்டாங்க?"

"எதிராத்து மாமி" என்றாள் அம்மா.

"அடடா. எப்போம்மா?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு."

அவர் முகத்தில் வைத்திருந்த துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, "பாவம், பொண்ணு இன்னும் மறக்கலே போலிருக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். தோள் குலுங்குவதை மட்டும் மறைக்க முடியவில்லை.

தேதி கேட்டார். அம்மா ஒரே மூச்சில், "அக்ஷய வருஷம், வைகாசி, கிருஷ்ண பக்ஷம், ஏகாதசி, ரேவதி" என்றாள். ரேவதி பெருமாள் நட்சத்திரம் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். இங்கிலீஷ் தேதி தெரியாது. அவர் அசரவில்லை. "எல்லாரும் இப்படித்தாம்மா வர்றாங்க" என்று பலகைக்கு அடியிலிருந்து பழைய பஞ்சாங்கக் கட்டு ஒன்றை உருவினார். தூசி தட்டி, புரட்டி, ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு ரிஜிஸ்டரை இறக்கினார். அந்தத் தேதியில் எங்கள் வீதியில் யாருமே சாகவில்லை.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு நின்றேவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆவணி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தோன்றியது. குமாஸ்தா பேனாவால் காதைச் சொறிந்துகொண்டே, "எந்த நேரத்துல தவறினாங்கம்மா?" என்று கேட்டார்.

"விடியறதுக்கு நாலு நாழிகை இருக்கறச்சே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதைச் சொல்லுங்க முதல்ல! உங்களுக்குச் சூரியன் வந்தாத்தான் மறுநாள். சர்க்காருக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கே மறுநாள் வந்துடுதே!" அடுத்த தேதியில் விரலை வைத்து இறக்கினார். மூன்றாவது வரியில் மாமி இருந்தாள். பெண், வயது அறுபது, ஜுரம். தகவல் கொடுத்தவர், எதிர் வீட்டுக்காரர்: என் அப்பாவின் பெயர். "எங்கப்பா!" என்று நான் கையைத் தட்டியேவிட்டேன். அறுபது வயதில் ஜுரத்தில் போன ஒருத்திக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

குமாஸ்தா சந்தோஷப்படவில்லை. அவர் விரல் அடுத்த வரிக்கு இறங்கி அங்கேயே நின்றிருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். நிஜமான துக்கம் இப்போதுதான் வந்திருந்தது. "அம்மா, உங்களுக்கு அன்னிக்கே ஒரு பெண் குழந்தை தவறியிருக்கே. சொல்லவே இல்லையே."

"எனக்கா? இல்லையே!"

அவர் படித்தார். பெண் குழந்தை, பெயர் இடவில்லை, வயது ஒரு நாள், காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு. தகவல் கொடுத்தவர், பிதா. அதே அப்பா, அதே வீதி.

அம்மா அந்த வரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "அது இவதான். இதோ நிக்கறாளே!"

குமாஸ்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். நான் அவருக்கு வணக்கம் சொன்னேன். செத்தவள் கும்பிட்டால் யாருக்குத்தான் பதில் வணக்கம் சொல்லத் தோன்றும்? அவர் ஒரு எட்டு பின்னுக்குப் போனார். அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்து மேஜைகளிலிருந்து எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை கேட்டிருக்காது.

"இது எப்படிம்மா நடந்தது?" என்று குமாஸ்தா கேட்க, அம்மா நினைத்து நினைத்துச் சொன்னாள். குழந்தை பிறந்தாலும் எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. அப்பா யாரையும் தொடக் கூடாது, எங்கும் உள்ளே போகக் கூடாது. எங்கள் ஊர் ஆபீஸ் குமாஸ்தாவும் அப்பாவுக்கு இளைத்த ஆசாரக்காரர் அல்ல. அப்பா வாசல் வேப்ப மரத்தடியிலேயே நின்று, காகிதத்தைத் தரையில் வைத்து மேலே கல்லை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். சேவகன் அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டான். குமாஸ்தா தொடாமல், உள்ளே இருந்தபடி பார்த்து எழுதிக்கொண்டார். ஒரே காகிதம். மேலே மாமி, கீழே குழந்தை. பெண் குழந்தை, ஒரு நாள், அப்பா பெயர், வீதி என்று மட்டும்தான் எழுதியிருந்தாராம். குழந்தை என்றால் பிறந்தது என்றுதானே அர்த்தம், அதை வேறு எழுத வேண்டுமா என்று நினைத்திருப்பார். முதல் நாள் முழுக்க ஏகாதசி உபவாசம், பசி வேறு.

"அது சரிம்மா. ஆனா குழந்தைன்னு இருந்தா, பிறப்பா இறப்பான்னு கேக்காமலா எழுதுவாங்க?" திருச்சி குமாஸ்தாவுக்கு மனசு ஆறவில்லை.

அம்மா புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். "இவளுக்கு முன்னாடி ரெண்டு பொறந்து தங்கலே. ரெண்டும் ஒரு நாள், ரெண்டு நாள்தான்" என்றாள். இதை அவள் என்னிடம்கூட ஒரு தடவைக்கு மேல் சொன்னதில்லை.

அவர் போய் முந்தின வருஷங்களின் புத்தகங்களை எடுத்து வந்தார். இரண்டிலும் இருந்தது. அதே கையெழுத்து, அதே வீதி, தகவல் கொடுத்தவர் பிதா. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். "பார்த்தீங்களா? ரெண்டு தடவை அதே மனுஷன் அதே மரத்தடியில வந்து நின்னிருக்கார். மூணாவது தடவையும் வந்து நின்னா, இதை எழுதின குமாஸ்தா என்னன்னு கேப்பார்? கேக்க மனசு வந்திருக்காதும்மா" என்றார். அம்மா அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் தரையிலிருந்து எழுந்துகொண்டேன். சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

இருந்தாலும் நகல் வேண்டுமே! வயது ஒரு நாள் என்று இருப்பதால், அதற்கு முந்தின நாள் பிறந்தேன் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட மாதிரி. மாமியின் நகலைவிட என் நகல்தான் மேல். மனுவில் 'இறந்தவருக்கு மனுதாரர் என்ன உறவு' என்று ஒரு இடம் இருந்தது. நான் 'நானேதான்' என்று எழுதினேன். குமாஸ்தா கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம்மா, என் வேலை போயிடும். தாயார்னு உங்கம்மாவைப் போடச் சொல்லு."

அம்மா பேனாவைக் கையில் வாங்கியவள், எழுதாமல் நின்றாள். "உயிரோட இருக்கற பொண்ணுக்கு இப்படி ஒரு காகிதத்திலே நான் கையெழுத்துப் போடணுமா?" என்றாள். பிறகு, "அந்தத் துறையூர் அம்மா இவ சிரிப்பை நிறுத்தறதுக்கு, இது எவ்வளவோ தேவலை" என்று முணுமுணுத்துக்கொண்டே, கோணல் மாணலாகத் தன் பெயரை எழுதினாள். என் அம்மா தன் பெயரை எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நகலைக் கொடுக்கும்போது குமாஸ்தா ஒன்று சொன்னார். பதிவைத் திருத்த மாசக்கணக்கில் ஆகும். இந்தக் காகிதத்தை மட்டும் காட்டினால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தகவல் கொடுத்தவரே நேரில் வந்து, இந்தக் குழந்தை சாகவில்லை, இவள்தான் அது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்க வீட்டுக்காரர் வருவாரில்லே?" என்று கேட்டார். வருவாரோ மாட்டாரோ என்ற பயத்தோடேயே அம்மா நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் பயந்தது சரிதான். சாயங்காலம் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகம் சிவக்க, "முடியாது" என்றார். "நான் எழுதிக் குடுத்தது தப்புன்னு நானே போய் எழுதணுமா? பெத்த பொண்ணைச் செத்தவன்னு எழுதி வச்ச மடையன்னு ஊரே சிரிக்கும். துறையூருக்கு நாள் பார்க்கச் சொல்லி எழுதிடறேன்."

"சிரிக்கறது ஊர் இல்லேப்பா, நான் ஒருத்திதான்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன்.

அம்மா சண்டை போடவில்லை. நகலை அவர் முன்னால் வைத்தாள். "நீங்க ஒண்ணும் தப்பா எழுதலே. இவளுக்கு முன்னாடி அந்த ரெண்டுக்கும் நீங்கதானே போய் நின்னேள்? அந்தக் குமாஸ்தா இதுவும் அதேன்னு நெனைச்சுட்டார்" என்றாள்.

அப்பா காகிதத்தை எடுத்துப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஜன்னல் வழியா அவர் என்னைப் பார்த்து, 'மனசைத் தேத்திக்கோங்கோ ஸ்வாமி, பெருமாள் இருக்கார்'னார்" என்றார். "எதிராத்து மாமிக்குப் போய் எனக்கு எதுக்கு இவ்வளவு ஆறுதல் சொல்றார்னு நெனைச்சேன். அவர் கண்ணைத் துடைச்சுண்டார். நான் என்னடான்னா, ஆத்துலே குழந்தை அழுதுண்டு இருக்குமேன்னு ஓடி வந்துட்டேன்." மேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அப்பா அழுது பார்த்ததில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பினார். மூன்று பேருமாக டிரெயினிங் ஸ்கூலுக்குப் போனோம். தலைமையாசிரியை நகலை வாங்கிப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். "செத்துப் போன பொண்ணு கணக்குல இவ்வளவு மார்க் வாங்கியிருக்காளே!" என்றார். அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு அத்தனையும் அங்கே எனக்குப் பீறிட்டது. அம்மா கிள்ளினாள். தலைமையாசிரியையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் வெள்ளைக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா தம் அழகான கையெழுத்தில் எழுதினார். மேற்படி பதிவில் கண்ட பெண் குழந்தை இறக்கவில்லை. பதிவு தவறு. அவள் உயிரோடு, சௌக்கியமாக, இத்துடன் என் எதிரில் நிற்கிறாள். அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. கையெழுத்துப் போடப் போனவர், நிறுத்தி இன்னொரு வரியும் சேர்த்தார்: இவளைப் படிக்க அனுப்ப எனக்குப் பூரண சம்மதம்.

தலைமையாசிரியை வாங்கிப் பார்த்தார். "கடைசி வரி தேவையில்லைங்க. வயசுக்கு மட்டும் எழுதினாப் போதும்" என்றார்.

"இருக்கட்டும்மா" என்றார் அப்பா.